யார் இந்த ஹோ ஜூன்? வட கொரியா, தென் கொரியா இரண்டும் கொண்டாடும் 400 ஆண்டுக்கு முந்தைய வைத்தியர்

2022 மே மாதம். தன் நாட்டில் கொரோனா பரவியிருப்பதாக வட கொரிய அரசு முதன்முறையாக ஒப்புக்கொண்டது. மக்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டிருக்கவில்லை. காய்ச்சலோடு படுத்திருப்பவர்களுக்கு அந்நாட்டு அரசு ஊடகங்கள் சொன்ன யோசனைகளில் இரண்டு உலகம் முழுக்கச் செய்தியாகின: ஹனிசக்கிள் பூ போட்ட தேநீர், வில்லோ மரத்து இலைக் கஷாயம்.

இது என்ன வேடிக்கை என்று தோன்றலாம். ஆனால், வட கொரியாவில் மூலிகை வைத்தியம் என்பது பாட்டி வைத்திய சமாச்சாரம் இல்லை. அது அரசாங்க விவகாரம். ‘கோரியோ மருத்துவம்’ என்ற பெயரில் ஆஸ்பத்திரிகளில் அதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. அந்த மருந்துகளைத் தயாரிப்பது அரசுக்குச் சொந்தமான நிறுவனங்கள்தான். ஜின்செங் வேரும், கோரோசனை சேர்ந்த உருண்டை மாத்திரையும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் விற்கப்படுகின்றன.

எல்லைக்கு இந்தப் பக்கம், தென் கொரியாவில் நிலைமை வேறு. அங்கே 1951ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே மரபு மருத்துவர்களுக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டது. தனியார் கிளினிக்குகள், பல்கலைக்கழகப் படிப்பு என்று அது தனி உலகம். எதிலும் ஒத்துப்போகாத இந்த இரண்டு நாடுகளும் மருந்து விஷயத்தில் மட்டும் ஒரே மனிதரைக் கைகாட்டுகின்றன. அவர் பெயர் ஹோ ஜூன். 1615இல் இறந்தவர்.

யார் இவர்? அப்படி என்ன செய்தார்?

பிறப்பிலேயே மூடிய கதவு

ஹோ ஜூன் பிறந்தது 1539இல். அப்போது கொரியா ஒரே நாடு. ஜோசோன் வம்ச அரசர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். அவருடைய குடும்பம் சாதாரணக் குடும்பம் இல்லை. தாத்தாவும் அப்பாவும் படைத்துறை அதிகாரிகள். நல்ல வம்சம், நல்ல பதவி எல்லாம் இருந்தன. ஆனால், ஹோ ஜூனின் அம்மா முறைப்படி மணந்த முதல் மனைவி இல்லை. இரண்டாம் நிலையில் வைக்கப்பட்ட துணைவி.

இன்றைக்கு நமக்கு இது குடும்பத்துக்குள் இருக்கும் மனத்தாங்கலாகத் தெரியலாம். அன்றைய கொரியாவில் இது சட்டப் பிரச்சினை. துணைவிக்குப் பிறந்த பிள்ளைகள் நாட்டின் உயர் பதவிகளுக்கான தேர்வை எழுதவே முடியாது என்று சட்டப் புத்தகமே சொன்னது. எவ்வளவு படித்திருந்தாலும் சரி, அப்பா யாராக இருந்தாலும் சரி, அந்தக் கதவு திறக்காது.

அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மிச்சம் இருந்தவை சில ‘தொழில்’ வேலைகள்தான். மொழிபெயர்ப்பாளர், வானியல் கணக்கர், சட்ட எழுத்தர், வைத்தியர். மேட்டுக்குடியினர் இவற்றைக் கொஞ்சம் கீழாகத்தான் பார்த்தார்கள். ஹோ ஜூன் வைத்தியத்தைத் தேர்ந்தெடுத்தார்.

சிபாரிசில் கிடைத்த வேலை

இளம் வயதில் அவர் யாரிடம் வைத்தியம் கற்றார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால், முப்பது வயதுக்குள்ளேயே தலைநகரில் பெரிய மனிதர்கள் கூப்பிட்டு வைத்தியம் பார்க்கச் சொல்லும் அளவுக்கு அவருக்குப் பெயர் வந்துவிட்டது. இது நமக்குத் தெரிய வருவது ஒரு நாட்குறிப்பு மூலம். யூ ஹுய்சுன் என்ற அறிஞர் தினமும் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர். தன் வீட்டாருக்கும் தெரிந்தவர்களுக்கும் ஹோ ஜூன் வைத்தியம் பார்த்ததை அதில் குறித்து வைத்திருக்கிறார். 1569இல் அரண்மனை மருத்துவத் துறையில் ஹோ ஜூனுக்கு வேலை கொடுக்கும்படி சிபாரிசு செய்தவரும் அவர்தான்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அரசாங்கமே மருந்து தயாரிப்பது வட கொரியா புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. ஜோசோன் அரசில் மருத்துவத்துக்கென்றே மூன்று அலுவலகங்கள் இருந்தன.

முதலாவது, நேயுய்வோன். அரசருக்கும் அரச குடும்பத்துக்கும் மருந்து தயாரிக்கும் இடம். இரண்டாவது, ஜொனுய்காம். வைத்தியர்களுக்குப் பாடம் எடுத்து, தேர்வு நடத்தும் துறை. மூன்றாவது, ஹ்யேமின்சோ. பொதுமக்களுக்கான அரசு மருந்தகம். மாகாணங்களில் விளையும் மூலிகைகள் வரியைப் போலத் தலைநகருக்கு அனுப்பப்பட்டன. ஆண்டுக் கடைசியில் அரண்மனையில் தயாரான மாத்திரைகளை அரசர் தன் அதிகாரிகளுக்குப் பரிசாகக் கொடுப்பது வழக்கம். அதில் ‘சோங்சிம்வோன்’ என்ற உருண்டைக்குத்தான் மவுசு அதிகம். பிற்காலத்தில் பெய்ஜிங் போன கொரியத் தூதர்கள் இதைக் கையோடு எடுத்துப் போனார்கள். சீனர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்களாம்.

இந்த அமைப்புக்குள்தான் ஹோ ஜூன் நுழைந்தார். 1571இல் அவர் நேயுய்வோனில் நடுத்தரப் பதவியில் இருந்ததற்குக் குறிப்பு இருக்கிறது. 1575இல் அரசர் சொன்ஜோவுக்கே நாடி பார்க்கும் குழுவில் இடம் கிடைத்தது.

அம்மை போட்ட இளவரசர்

அவருடைய வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது 1590. இளவரசர் குவாங்ஹேக்குப் பெரியம்மை போட்டது.

அன்றைய கொரியாவில் பெரியம்மையைச் சாதாரண நோயாகப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த தெய்வமாகப் பார்த்தார்கள். அரச குடும்பத்தாரைக் கூப்பிடும் ‘மாமா’ என்ற மரியாதைச் சொல்லால்தான் அந்த நோயைக் குறிப்பிட்டார்கள். வந்த தெய்வத்துக்கு மருந்து கொடுத்தால் கோபம் வரும். பூஜை போட்டு வழியனுப்பி வைக்க வேண்டும் என்பது நம்பிக்கை. இந்த நம்பிக்கை நமக்கும் புதிதல்ல. இந்தப் பயத்தால் மருந்தே கொடுக்காமல் அரசரின் வேறு பிள்ளைகள் ஏற்கெனவே இறந்திருந்தார்கள்.

இந்த முறை அரசர் மருந்து கொடுக்கச் சொன்னார். ஆனால் யார் கொடுப்பது? பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், தெய்வக் குற்றம், ராஜ குற்றம் இரண்டும் வைத்தியர் தலையில்தான் விழும். மற்றவர்கள் ஒதுங்கிய இடத்தில் ஹோ ஜூன் முன்னால் வந்தார். மருந்து கொடுத்தார். இளவரசர் பிழைத்தார்.

அரசர் மகிழ்ந்து, ஹோ ஜூனைச் சபையில் மேல்வரிசை அதிகாரிகளுக்கான தகுதிக்கு உயர்த்தினார். உடனே எதிர்ப்புக் கிளம்பியது. வைத்தியம் பார்ப்பது அவருடைய வேலைதானே, அதற்கு இவ்வளவு பெரிய மரியாதையா என்று கண்காணிப்பு அதிகாரிகள் மனுமேல் மனு போட்டார்கள். அரசர் பின்வாங்கவில்லை. ஆனால், ஒவ்வொரு படி ஏறும்போதும் காலைப் பிடித்து இழுக்க ஆட்கள் இருப்பார்கள் என்பது ஹோ ஜூனுக்கு அன்றே தெரிந்துவிட்டது.

ஓடிய அரசரும் கூடப் போன வைத்தியரும்

1592இல் ஜப்பானியப் படைகள் பூசானில் வந்து இறங்கின. மூன்று வாரத்துக்குள் தலைநகர் விழுந்தது. அரசர் அதற்கு முன்பே வடக்கு நோக்கிக் கிளம்பிவிட்டார். போகிற வழியில் அதிகாரிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாத நேரத்தில், அரசரோடு போவது உயிரைப் பணயம் வைப்பது மாதிரிதானே.

53 வயது ஹோ ஜூன் கூடவே போனார். சீன எல்லையில், யாலு ஆற்றங்கரையில் இருக்கும் உய்ஜு என்ற ஊர்வரை அரசரோடு இருந்தார். இந்த ஊர்ப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் இது திரும்பவும் வரும்.

போர் முடிந்த பிறகு, 1604இல், அரசரை விட்டுப் போகாமல் இருந்த 86 பேருக்குச் சிறப்புப் பட்டம் கொடுத்தார்கள். அதில் ஹோ ஜூன் பெயரும் இருந்தது.

புத்தகம் எழுது என்றார் அரசர்

போரின் பாதிப்பு, இறந்தவர்களின் எண்ணிக்கையோடு முடிந்துவிடவில்லை. வயல்கள் தரிசாயின. பஞ்சமும் கொள்ளை நோயும் வந்தன. மருத்துவ நூல்கள் எரிந்தும் சிதறியும் போயின. கிராமங்களில் வைத்தியரும் இல்லை. சீனாவிலிருந்து வர வேண்டிய மருந்துச் சரக்கும் இல்லை.

போர் ஓய்வில் இருந்த 1596இல் அரசர் சொன்ஜோ ஒரு மருத்துவ நூல் தயாரிக்க உத்தரவிட்டார். அதற்கு அவர் விதித்த நிபந்தனைகள் முக்கியமானவை. சீன நூல்கள் ஒன்றோடு ஒன்று முரண்படுகின்றன. எல்லாவற்றையும் சேர்த்துச் சாரத்தை எடுக்க வேண்டும். நோய் வந்த பிறகு மருந்து என்பதைவிட, வராமல் உடலைப் பேணுவதை முதலில் வைக்க வேண்டும். நாட்டில் விளையும் மூலிகையை மக்களுக்குத் தெரிந்த பெயரிலேயே எழுத வேண்டும். காலடியில் மருந்து இருந்தும் அது மருந்து என்று தெரியாமல் ஏழைகள் சாகிறார்கள் என்பதுதான் அரசரின் கவலை.

ஹோ ஜூன் தலைமையில் ஐந்து வல்லுநர்கள் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே ஜப்பான் மறுபடியும் படையெடுத்தது. குழு சிதறியது. போர் முடிந்ததும் அரசர் ஹோ ஜூனிடம் மட்டும் அந்த வேலையை ஒப்படைத்தார். அரண்மனையில் மிஞ்சியிருந்த சுமார் 500 நூல்களையும் கொடுத்தார். ஐந்தாறு பேர் செய்ய வேண்டிய வேலை ஒருவர் தலையில் ஏறியது. அரண்மனைப் பணியும் பார்க்க வேண்டும்.

இதற்கிடையில் பிரசவம், அவசர சிகிச்சை, பெரியம்மை ஆகிய மூன்றுக்கும் சிறு நூல்களை அவர் கொரிய எழுத்தான ஹங்குலில் விளக்கத்தோடு எழுதினார். படித்த ஆண்கள் சீன எழுத்தில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. பெண்களுக்கும் சாமானியர்களுக்கும் தெரிந்திருந்தது ஹங்குல்தான். பிரசவம் பார்க்கிறவருக்குப் புரியாத எழுத்தில் பிரசவ நூல் இருந்து என்ன பயன்?

அரசர் இறந்தால் வைத்தியர் குற்றவாளி

1606இல் ஹோ ஜூனுக்கு நாட்டின் மிக உயர்ந்த அதிகாரிகளுக்கு உரிய தகுதியைக் கொடுக்க அரசர் நினைத்தார். பிறப்பைச் சொல்லி மறுபடியும் எதிர்ப்பு. இந்த முறை அரசர் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

1608இல் அரசர் சொன்ஜோ இறந்தார். அன்றைய வழக்கப்படி, அரசர் இறந்தால் தலைமை வைத்தியர் பதில் சொல்ல வேண்டும். தப்பான மருந்து கொடுத்தார் என்று ஹோ ஜூன் மீது குற்றச்சாட்டு எழுந்தது. கடும் தண்டனை கொடுக்க வேண்டும் என்று அதிகாரிகள் வற்புறுத்தினார்கள். இத்தனை வருடப் பொறாமைக்கும் இது நல்ல சந்தர்ப்பம்.

ஆனால், புதிதாக அரியணை ஏறியவர் யார் தெரியுமா? 1590இல் அம்மையிலிருந்து பிழைத்த அதே குவாங்ஹே. தன் உயிரைக் காப்பாற்றியவரைத் தண்டிக்க அவருக்கு மனமில்லை. முடிந்தவரை தடுத்துப் பார்த்தார். முடியாமல்போய், கடைசியில் ஊரைவிட்டு அனுப்பும் தண்டனையோடு நிறுத்தினார்.

அனுப்பிய இடம் உய்ஜு. 16 வருடத்துக்கு முன்பு அரசருக்குத் துணையாக எந்த ஊர்வரை போனாரோ, அதே ஊருக்கு 69 வயதில் குற்றவாளியாகப் போனார் ஹோ ஜூன்.

அந்த வயதில், அந்த அவமானத்தில், பலர் பேனாவைக் கீழே வைத்திருப்பார்கள். 1609 இறுதியில் மன்னிப்புக் கிடைத்துத் தலைநகர் திரும்பினார். 1610இல் நூலை முடித்து அரசர் முன் வைத்தார். அரசர் அவருக்கு ஒரு குதிரையைப் பரிசாகக் கொடுத்தார்.

நூலில் என்ன இருக்கிறது?

நூலின் பெயர் ‘டோங்குய் போகாம்’. ‘கிழக்கு மருத்துவத்தின் அரிய கண்ணாடி’ என்று பொருள் சொல்லலாம். சீனாவில் வடக்கு மரபு, தெற்கு மரபு என்று இருப்பதைப் போல, கிழக்கே இருக்கும் கொரியாவுக்கும் தனி மரபு உண்டு என்பது இந்தப் பெயரின் உள்ளர்த்தம்.

மொத்தம் 25 பாகங்கள். 1613இல் நேயுய்வோன் அதை மர எழுத்துக் கோத்து அச்சிட்டது. உடலின் உட்பகுதி, வெளிப்பகுதி, பலவகை நோய்கள், மூலிகைகள், ஊசி வைத்தியம் என ஐந்து பிரிவுகள். இரண்டு பாகங்கள் முழுக்கப் பொருளடக்கம்தான். நோயாளி பக்கத்தில் படுத்திருக்கும்போது வைத்தியர் பக்கம் பக்கமாகத் தேடிக்கொண்டிருக்க முடியாதே.

ஏழைகளுக்கு உண்மையிலேயே உதவியவை மூன்று விஷயங்கள். ஒன்று, 600-க்கும் மேற்பட்ட மூலிகைகளுக்கு உள்ளூர்ப் பெயர் ஹங்குலில் தரப்பட்டது. இரண்டு, ஒரே ஒரு மூலிகையால் செய்யக்கூடிய எளிய மருந்துகள் தனியாகக் கொடுக்கப்பட்டன. பத்துச் சரக்கு வாங்கக் காசில்லாதவர் ஒரு சரக்கோடு சமாளிக்கலாம். மூன்று, பழைய நூல்களில் இருந்த பெரிய அளவுகளை ஹோ ஜூன் குறைத்தார். அத்தனை மருந்துச் சரக்கை ஏழை வீட்டில் எப்படித் திரட்ட முடியும் என்பதையும் அவர் யோசித்திருக்கிறார்.

சீன நூல்களிலிருந்து தொகுத்த இந்த நூலைப் பின்னர் 18ஆம் நூற்றாண்டில் ஜப்பானிலும் சீனாவிலுமே அச்சிட்டார்கள். 2009இல் யுனெஸ்கோவின் ‘உலக நினைவுகள்’ பட்டியலில் சேர்ந்தது.

அதில் இருப்பதெல்லாம் சரியா?

இல்லை. கருவில் இருக்கும் பெண் குழந்தையை ஆணாக மாற்றும் வழி, ஆள் கண்ணுக்குத் தெரியாமல் மறையும் வழி போன்றவையும் அந்த நூலில் உண்டு. பழைய நூல்களில் இருந்ததைத் தொகுத்தபோது இவையும் சேர்ந்து வந்தன. பழைய சோங்சிம்வோன் செய்முறையில் கோரோசனை, கஸ்தூரியோடு சாதிலிங்கமும் மனோசிலையும் உண்டு. முதலாவது பாதரசம் கலந்தது, இரண்டாவது ஆர்சனிக் கலந்தது. இரண்டும் உடலுக்கு நஞ்சு. யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது ஒரு வரலாற்று ஆவணம். அது மருந்துக்குக் கொடுத்த சான்றிதழ் இல்லை. இந்த வித்தியாசம் முக்கியம்.

கடைசிவரை வேலை

நூல் முடிந்ததும் ஹோ ஜூன் ஓய்வெடுக்கவில்லை. 1612-13 காலத்தில் நாட்டில் காய்ச்சல் நோய்கள் பரவின. அவற்றுக்காக 1613இல் இரண்டு தனி நூல்கள் எழுதினார். அவற்றில் ஒன்றில் அவர் விவரித்திருக்கும் நோய், தொண்டைப்புண்ணோடு உடலெங்கும் செந்நிறத் தடிப்பு வரும் ஸ்கார்லெட் காய்ச்சல் என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்போது அவருக்கு 74 வயது.

1615இல் இறந்தார். உயிரோடு இருந்தபோது எதிர்ப்பால் கிடைக்காமல்போன அந்த உயர் தகுதியை, இறந்த பிறகு கொடுத்தார்கள்.

நாடகத்தில் பார்த்தது உண்மையா?

ஹோ ஜூன் பெயரைக் கொரியாவில் வீடு வீடாகக் கொண்டுபோனது 1999-2000இல் ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடர். பார்வையாளர் பங்கு 60 சதவீதத்தைத் தாண்டிய தொடர் அது. அதில் யூ உய்டே என்று ஒரு கண்டிப்பான குரு வருவார். சாகும்போது தன் உடலையே அறுத்துப் படிக்கச் சொல்லி சீடனுக்குக் கொடுப்பார். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால், அது நாவலிலிருந்து வந்த கற்பனை. ஹோ ஜூனுக்கு அப்படி ஒரு குரு இருந்ததற்கு ஆதாரம் இல்லை.

உண்மையான ஹோ ஜூனின் கல்லறை நெடுங்காலம் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் இருந்தது. 1991இல்தான் பாஜு பகுதியில், இரு கொரியாக்களுக்கும் இடையே பொதுமக்கள் நினைத்தபடி நுழைய முடியாத ராணுவக் கட்டுப்பாட்டு நிலத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டது. உடைந்து கிடந்த கல்வெட்டில் இருந்த எழுத்துகள்தான் அடையாளம் காட்டின. இரண்டு நாடுகளுக்கும் பொதுவான வைத்தியர் அந்த இரண்டு நாடுகளையும் பிரிக்கும் எல்லையோரம் படுத்திருக்கிறார்.

இன்று இதற்கு என்ன பொருள்?

ஹோ ஜூனுக்குப் பிறகும் கொரியாவில் அரசும் மூலிகையும் பிரியவில்லை. 1899இல் சிவப்பு ஜின்செங் வியாபாரத்தை அரண்மனையே தன் கையில் எடுத்தது. தென் கொரியாவில் அந்த அரசு ஏகபோகம் 1996வரை நீடித்தது. அதன் பிறகுதான் தனியாருக்கு வழி திறந்தது. வட கொரியாவில் இன்றுவரை எல்லாமே அரசு நிறுவனங்கள்தான். அங்கே 1993இல் ‘கிழக்கு மருத்துவம்’ என்ற பழைய பெயரை ‘கோரியோ மருத்துவம்’ என்று மாற்றினார்கள். பெயர் மாறினாலும் அடிப்படை நூல் ஹோ ஜூனுடையதுதான்.

1990களில் வட கொரியாவைப் பஞ்சம் தாக்கியபோது மாத்திரைகள் தீர்ந்தன. டாக்டர்களே மலையேறி மூலிகை பறித்து வர வேண்டிய நிலை வந்தது. காலடியில் இருக்கும் செடியைக் காட்டிக் கொடுத்தது ஹோ ஜூன் காலத்தில் ஏழைக்குச் செய்த பெரிய உதவி. வேறு மருந்து எதுவும் கிடைக்காத காலம் அது. தடுப்பூசியும் ஆன்டிபயாடிக்கும் இருக்கிற காலத்தில், அவற்றுக்குப் பதிலாக அதே செடியை ஓர் அரசு கைகாட்டினால் அதை உதவி என்று சொல்ல முடியுமா?

பெரியம்மைக்கு மருந்தே கொடுக்கக் கூடாது என்று ஊரே சொன்னபோது, அன்றைக்குக் கையில் இருந்ததில் எது சிறந்ததோ அதைத் துணிந்து கொடுத்தவர் ஹோ ஜூன். அவருடைய செய்முறைகளில் பல பழசாகிவிட்டன. அந்தத் துணிச்சல் இன்னும் பழசாகவில்லை.